சாப்பாடு ஏன் இறங்கவில்லை?



புற்றுநோய் வார்டில் அடிக்கடி காணும் காட்சி இது. மனைவி வீட்டிலிருந்து கஞ்சியும் மீன்குழம்பும் கொண்டுவருகிறார். கணவர் இரண்டு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "எனக்காகவாவது சாப்பிடக்கூடாதா?" என்று அந்த அம்மாள் கண் கலங்குகிறார். பிடிவாதக்காரர் என்று உறவினர் முணுமுணுக்கிறார்கள். பாவம், அது பிடிவாதம் அல்ல.

நம் சரீரத்திலுள்ள செல்கள் காயத்தாலோ, கிருமியாலோ, நச்சாலோ நெருக்கடிக்கு உள்ளாகும்போது, ஜி.டி.எஃப்.15 என்னும் புரதத்தை இரத்தத்தில் கலக்கவிடுகின்றன. வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களுள் இதுவும் ஒன்று. நெருக்கடி என்று இங்கே சொல்வது செல் படும் பாட்டையே, மனக்கவலையை அல்ல. கவலைப்பட்டதால்தான் புற்றுநோய் வந்தது என்று வியாதியஸ்தரிடம் தயவுசெய்து யாரும் சொல்லாதிருங்கள்.

1997இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் சாமுவேல் பிரெயிட் என்பவரின் குழுவினர் இப்புரதத்தைப் பற்றி முதலில் எழுதினார்கள். 2007இல் அக்குழுவே வேறொன்றையும் காட்டியது. இப்புரதத்தை மிகுதியாகச் சுரக்கும் கட்டியுள்ள எலிகள் இரை எடுக்காமல் மெலிந்தன. புரதத்தை முடக்கும் மருந்தைச் செலுத்தியதும் எடை தேறின. அது மூளையில் எங்கே வேலை செய்கிறது என்பது 2017இல்தான் தெரிந்தது. பின்மூளையில், குமட்டலையும் வாந்தியையும் ஆளும் பகுதியில் அதற்கென்றே ஒரு ஏற்பி இருக்கிறது. கர்ப்பிணிகளின் கடும் மசக்கைக்கும் இதே புரதத்தோடு தொடர்பு உண்டு என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. மசக்கைக்காரியிடம் மீன்குழம்பை நீட்டினால் என்ன ஆகும் என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். இந்த வியாதியஸ்தரில் பலருடைய நிலையும் ஏறக்குறைய அதுதான்.

உடல் பருத்தவர்களின் இரத்தத்திலும் இப்புரதம் சற்று உயர்ந்திருப்பதுண்டு. ஆனாலும் அவர்கள் அதனால் இளைத்துவிடுவதில்லை. நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையும் இதை உயர்த்துகிறது. அம்மாத்திரையால் எடை குறைவது இதனால்தானா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. பருத்தவரை இளைக்கச் செய்ய இதையே மருந்தாக்கலாமா என்றும் சிலர் முயன்றார்கள்.

புற்றுநோயாளிக்கோ தேவை இதற்கு நேர்மாறானது. 2024இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல், கணையம் அல்லது பெருங்குடலில் புற்றுநோய் கண்டு, இப்புரதமும் உயர்ந்து, மெலிந்துபோன 187 பேர் சேர்க்கப்பட்டார்கள். புரதத்தை முடக்கும் பொன்செக்ரோமாப் என்னும் ஊசி சிலருக்கும், மருந்தில்லா ஊசி சிலருக்கும் போடப்பட்டது. 12 வாரம் கழித்து, மருந்தின் உயர்ந்த அளவைப் பெற்றவர்களின் எடை மருந்தில்லா ஊசி பெற்றவர்களைவிட 5.6 சதவீதம் மேலாக இருந்தது. இது கட்டியைக் கரைக்கும் மருந்தல்ல. ஆய்வும் சிறியதே. ஆனாலும் சாப்பாட்டை வெறுக்கச் செய்த சமிக்ஞையை மனிதரில் தடுக்க முடியும் என்பது இதனால் தெரிந்தது.

வீட்டில் பராமரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தட்டு நிறையப் பரிமாறி எதிரே நிற்காதிருங்கள். தாளிக்கும் வாசனை எட்டாத இடத்தில் அவரை உட்காரவையுங்கள். சூடான குழம்பைவிட ஆறிய தயிர்சாதம் எளிதாக இறங்கலாம். இரண்டு மணிக்கொருமுறை கொஞ்சம் கொடுங்கள். பாதி இட்லியோடு போதும் என்றால் விட்டுவிடுங்கள். சட்டை தொளதொளக்கத் தொடங்கினால், அடுத்த தேதிவரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.