தூக்குக் கயிற்றில் தப்பியவர்கள்! குலசையில் 2 பேர், வேலூரில் 3 பேர்

ஆதிச்சநல்லூர்,-

நெல்லை - திருச்செந்தூர் ரோட்டில் உள்ள ஊர் ஆதிச்சநல்லூர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு, இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பரம்பு இங்கே இருக்கிறது. 2023-ம் ஆண்டு முதல், கண்ணாடித் தரைக்குக் கீழே அந்தத் தாழிகளைப் பார்க்கலாம்.

பார்த்துவிட்டு இந்த ரோட்டில் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் சாவுப் பேச்சுக்குப் பஞ்சம் இல்லை. பேப்பரில் ஒரு கொடூரக் கொலை வந்திருந்தால் போதும்.

"கொலைகாரப் பயலைத் தூக்குல போடாம, ஜெயில்ல வச்சு சோறா போடச் சொல்லுதீரு?"

கேட்பவர் மீது தப்பு இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால், தூக்கு வேண்டாம் என்பவர்கள் கொலைகாரனை வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. ஜெயிலில் வையுங்கள், கயிறு மட்டும் வேண்டாம் என்கிறார்கள்.

ஏன்? இதே ரோட்டில் கிழக்கே போய், திருச்செந்தூரைத் தாண்டினால் பதில் கிடைக்கும்.

லோன் துரை கொலை

1942. ஆகஸ்டு போராட்டம் கொதித்த நேரம். குலசேகரன்பட்டினம் உப்பளத்தில், செப்டம்பர் 20-ந்தேதி உப்பு இலாகா அதிகாரி லோன் துரை கொல்லப்பட்டார்.

வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் ஆகிய 2 வாலிபர்களுக்குத் தூக்குத் தண்டனை!

நல்ல வேளை, கயிறு விழவில்லை. தண்டனை குறைந்து, பிறகு விடுதலையும் ஆனார்கள். 'தூக்குமேடை' என்பது ராஜகோபாலனுக்குப் பட்டப் பெயராகவே நிலைத்துவிட்டது. வெள்ளைக்கார சர்க்காருக்குக் கொலைகாரர்கள். நமக்குத் தியாகிகள்.

கயத்தாறில் கட்டபொம்மனுக்கு அந்த அவகாசம் இல்லை. 1799 அக்டோபர் 16-ந்தேதி, விசாரணை என்று பெயர் பண்ணிவிட்டு, அன்றே புளியமரத்தில் தொங்கவிட்டார் மேஜர் பானர்மேன். இப்போது அங்கே சிலை நிற்கிறது.

"அது வெள்ளைக்காரன் காலம். இப்போ நம்ம கோர்ட்டு" என்பீர்கள். சரி, நம்ம கோர்ட்டுக்கே வருவோம்.

2 பேட்டரி

ராஜீவ்காந்தி கொலை வழக்கு. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா கோர்ட்டு 26 பேருக்குத் தூக்கு என்றது. குற்றவாளிக் கூண்டில் நின்ற அத்தனை பேருக்கும்!

1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு, அதில் 19 பேர் மீது கொலைக் குற்றமே நிற்காது என்று சொல்லிவிட்டது. 3 பேருக்கு ஆயுள். 4 பேருக்குத்தான் தூக்கு.

அந்த 4 பேரில் ஒருவர் பேரறிவாளன். கைதானபோது வயது 19. 2 பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது முக்கியப் புகார். எதற்கு என்று தெரியாமலே வாங்கிக் கொடுத்ததாக அவர் சொன்னாராம். அதை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டதாக, பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜனே 2013-ல் வெளியில் சொன்னார்.

இனிதான் விஷயமே இருக்கிறது. பேரறிவாளன், முருகன், சாந்தன் 3 பேரையும் 2011 செப்டம்பர் 9-ந்தேதி வேலூர் ஜெயிலில் தூக்கில் போட நாள் குறித்தாகிவிட்டது. காஞ்சீபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து உயிரையே விட்டார். ஆகஸ்டு 30-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது.

மிச்சம் இருந்தது 10 நாள். தடை வராமல் போயிருந்தால், 2 வருஷம் கழித்து அதிகாரி சொன்னதை யாருக்காகச் சொல்வது?

2014-ல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 2022-ல் 3 பேரும் விடுதலை. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு செத்தவர்களின் குடும்பங்களுக்கு இதில் கோபம் உண்டு. அந்தக் கோபத்தைக் குறை சொல்ல முடியாது. தப்பாக ஒருவரைத் தொங்கவிட்டால் மட்டும் அது தீர்ந்துவிடுமா?

தூக்குப் பயம் இருந்தால் கொலை குறையும் என்றும் சொல்வார்கள். வரப்புத் தகராறில் அரிவாளை எடுப்பவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டா எடுக்கிறான்?

ஒரே வழக்கு, 3 தலையெழுத்து

இதெல்லாம் அரசியல் வழக்கு என்று தள்ளிவிடுபவர்களுக்கு, உத்தரப்பிரதேசத்தில் நடந்த ஒரு சாதாரணக் கொலை வழக்கு.

ஜீதா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங். 3 பேருக்கும் ஒரே குற்றம், ஒரே தூக்கு. தனித்தனியாக சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். காஷ்மீரா சிங்குக்கு ஆயுளாகக் குறைந்தது. ஜீதா சிங் மனு தள்ளுபடி.

1981 அக்டோபர் 6-ந்தேதி ஜீதா சிங் தூக்கில் போடப்பட்டார். அதே நாளில் தொங்க இருந்த ஹர்பன்ஸ் சிங், மறுபடி மனு போட்டதால் தப்பினார். காஷ்மீராவுக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயமா என்று 1982-ல் சுப்ரீம் கோர்ட்டே கேட்டு, தண்டனையைக் குறைக்கும்படி ஜனாதிபதிக்கு சிபாரிசு செய்தது.

ஜீதா சிங்? அவர் மனிதர்கள் நடத்தும் கோர்ட்டுகளுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டார் என்று, அதே தீர்ப்பில் எழுதினார் தலைமை நீதிபதி சந்திரசூட்.