தீவகத்து ஒடியற் கூழ்

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளைத் தீவகம் என்று வழங்குவர். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைநகர், நெடுந்தீவு ஆகியவை அவற்றுட் பெயர் பெற்றவை. ஆறில்லை, சுண்ணாம்புக் கல்லின்மேல் மெல்லிய மண், மழையோ சில மாதங்களுக்குத்தான். இத்தகைய நிலத்தில் மக்களை வாழவைத்தவை இரண்டு: பனையும் கடலும். அவ்விரண்டும் ஒரே பானையிற் கூடுவதுதான் ஒடியற் கூழ்.

பனங்கொட்டைகளைப் பாத்தியிட்டுப் புதைத்தால் சில மாதங்களிற் கிழங்கு இறங்கும். அதனைப் பச்சையாகவே கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியலை இடித்தெடுத்த மாவிற் கைப்பு உண்டு. ஆதலின் அதனை நீரில் ஊறவைத்துத் தெளிந்த நீரை இறுத்துவிட வேண்டும். இதிற் சோம்பியவர் கூழைக் குடிக்கவே முடியாது! பானையில் நீர் கொதிக்கும்போது ஒரு பிடி அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டுகள், மீன், நண்டு, இறால் ஆகியவற்றை இட்டு வேகவிடுவர். பின்னர்ப் புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும் ஒடியல் மாவுடன் கரைத்து ஊற்றப்படும். முருங்கையிலை இறுதியில் விழும். பனையோலையைக் கோலிச் செய்த பிளாவில் ஏந்தி, தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு, சுற்றமெல்லாம் பானையைச் சூழ்ந்திருந்து குடிப்பர். தனியே குடிக்கும் கூழ் கூழாகாது என்பது நம் கருத்து.

பானமும் பனை தருவதே. முட்டியினுட் சுண்ணாம்பு தடவி இறக்கினால் இனிய கருப்பணி, நம் நாட்டுப் பதநீர். தடவாவிடிற் சில மணி நேரத்திற் புளித்துக் கள்ளாகும். நெல்லைச் சீமையார் பதநீரில் நுங்கையிட்டு ஓலைப் பட்டையிற் பருகும் சுவையை அறிந்தோர்க்கு நாம் அதிகம் சொல்ல வேண்டுவதில்லை.

வறண்ட தீவுகளின் அறிவு எங்கும் ஒன்றுபோலும். கிரேக்க நாட்டுக் கிரீட் தீவிலும் வாற்கோதுமை ரொட்டியை இருமுறை சுட்டு உலரவைத்து, உண்ணுங்கால் நீரில் நனைத்துத் தக்காளியும் ஒலிவ எண்ணெயும் சேர்ப்பர். அன்று எளியோர் உணவாயிருந்த அது இன்று அயல்நாட்டு யாத்திரிகர் காசு கொடுத்து உண்ணும் பண்டம்.

நம் கூழுக்கு அந்த நற்பேறு முழுதும் வாய்க்கவில்லை. 1990ஆம் ஆண்டையொட்டிய போர்க்காலத்தில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். குண்டுகளுக்கும் காவலரண்களுக்கும் எண்ணிறந்த பனைகள் பலியாயின. பனையேறுவோரின் மக்கள் அத்தொழிலை விரும்பாமை அங்கும் உண்டு, தமிழகத்திலும் உண்டு. இலங்கை அரசு 1978இல் பனை அபிவிருத்திச் சபையை நிறுவியது. தமிழகத்தில் பனை மாநில மரமாகவும் விளங்குகிறது. மரத்துக்குச் சபை உண்டு. கூழைக் காய்ச்சும் கைக்கு யார் உண்டு? இலண்டனிலும் டொரான்டோவிலும் வாழும் தீவகத்தார் ஒடியல் மாவைத் தேடி வாங்கிக் கூழ் காய்ச்சுகின்றனர். அளவெல்லாம் பாட்டிமார் கையில், ஏட்டில் இல்லை.

புனேயில் வாழும் நாம் இதிற் பின்தங்கியதற்குக் காரணம் வெட்கம் என்றே கருதுகிறோம். ஊரிலிருந்து வந்த பனங்கிழங்கை அயலார் காணாமல் அவிக்கும் வீடுகளை நாம் அறிவோம். நம் மராட்டிய அண்டை வீட்டாரோ சோளப் பாக்கரியையும் பிட்லாவையும் பெருமையோடு படைக்கின்றனர். கோடையில் நுங்கைத் தாட்கோளா என்றும், புளிக்காத சாற்றை நீரா என்றும் விரும்பி வாங்குகின்றனர். அவர்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?

மீனும் நண்டும் புளியும் முருங்கையும் இந்நகரச் சந்தையில் உண்டு. ஒடியல் மாதான் எளிதிற் கிட்டாது. இலங்கை சென்று மீளும் அன்பர் எவரேனும் ஒரு பொதி கொணரலாம். சைவ வீட்டார் மீனை நீக்கிக் காய்கறியும் பலாக்கொட்டையும் மிகுத்துக்கொள்ளலாம். கூழ் தெரிந்த பாட்டியார் நம்மிடை இருப்பின், இவ்வாண்டே அவர் அருகில் ஒரு பெண்ணோ பையனோ அமர்ந்து, எத்தனை பிடி, எவ்வளவு புளி என்று எழுதிக்கொள்ளட்டும்.