கோதிழுக்கும் கொக்கி

வன்னிப் பெருநிலத்தில் 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் ஓய்ந்தது. அதன் பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் நிலக்கண்ணிகளை அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நடந்து வந்திருக்கிறது. பற்றைக்காடு வெட்டும்போதும், கிணறு தூர்வாரும்போதும், வயலைக் கொத்தும்போதும் பழைய துப்பாக்கிகளும் தோட்டாக்களும் வெளிப்படுவதுண்டு. அவ்வாறு அகப்படும் கைத்துப்பாக்கியிலிருந்து ரவைக்கூட்டைக் கழற்றிவிட்டால், அது வெறுந்துப்பாக்கி ஆகிவிடுமா? இக்கேள்விக்கு விடை தருவது, அதன் உள்ளே அமைந்த ஒரு சிறிய உருக்குக் கொக்கியாகும்.

தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியில், குழலின் பின்முனையில் வெடியறை உண்டு. அதிலுள்ள தோட்டா வெடித்ததும் ரவை முன்னே பாய்கிறது. பித்தளைக் கோது அறையிலேயே எஞ்சுகிறது. துப்பாக்கியின் மேற்பாகம் பின்னோக்கி ஓடும்போது, அதில் பொருந்திய கொக்கி கோதின் அடிவிளிம்பைப் பற்றி இழுத்து வருகிறது. அசையாது நிற்கும் ஒரு முளை அக்கோதில் இடித்து, அதை வெளியே எறிகிறது. பின்னர் சுருள்வில்லின் விசையால் மேற்பாகம் முன்னே மீள, அடுத்த தோட்டா அறைக்குள் ஏறுகிறது. கோதைப் பற்றும் கொக்கியையே ஆங்கிலத்தில் ‘எக்ஸ்ட்ராக்டர்’ என்பர்.

இக்கொக்கியை இருவகையாக அமைக்கலாம். மேற்பாகத்தின் உள்ளே துளையிட்டு மறைவாகப் பொருத்துவது அகக்கொக்கி. வெளிப்பக்கத்தில் பள்ளம் அகழ்ந்து, கண்ணுக்குத் தெரியும்படி பொருத்துவது புறக்கொக்கி.

அகக்கொக்கிக்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு, 1911 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கோல்ட் துப்பாக்கியாகும். அதை வகுத்தவர் ஜான் பிரௌனிங். அதில் கொக்கியும் வில்லும் வேறுவேறல்ல. வில்லுருக்கினாலான நீண்ட துண்டு ஒன்றே, தன் வளைவின் இறுக்கத்தால் கோதைப் பற்றிக்கொள்கிறது. உறுப்புக்கள் குறைவு, கழற்றித் துடைப்பதும் எளிது. ஆனால் உருக்கின் தரமும், அதைப் பதப்படுத்தும் முறையும், வளைவின் அளவும் சற்றும் பிசகலாகாது. வளைவு தளர்ந்தால் பிடி தளரும். தோட்டா ரவைக்கூட்டிலிருந்து எழுந்து கொக்கியின் கீழே வழுவிச் சேர்வதே அதற்கு உகந்த முறை. கையால் நேரே அறையிலிட்டு மேற்பாகத்தை ஓடவிட்டால், கொக்கி விளிம்பின்மேல் ஏறித் தாண்ட நேர்கிறது. நாளடைவில் அது முறியவுங்கூடும்.

புறக்கொக்கியிலோ கடமைகள் பிரிக்கப்பட்டுள்ளன. பற்றுவது கொக்கி, அழுத்துவது தனியான ஒரு சிறு வில். கொக்கி ஓர் ஆணியைச் சுற்றி அசைகிறது. கைவினைஞரின் நுண்ணிய திருத்தம் அதிகம் தேவையில்லை. யந்திரத்தால் பெருந்தொகையாக ஆக்கலாம். வில் தளர்ந்தால் வில்லை மட்டும் மாற்றினால் போதும். எனினும் சிறு உறுப்புக்கள் கூடுகின்றன; வெளிப்புறப் பள்ளத்தில் மண்ணும் தூசியும் படிகின்றன.

இவ்விரண்டையும் ஒரே துப்பாக்கியில் ஒப்புநோக்கலாம். பிரௌனிங் தொடங்கி வைத்து, அவர் 1926 ஆம் ஆண்டில் மறைந்த பின்னர் தியூதோனே செவ் என்பவர் நிறைவு செய்த ‘ஹை பவர்’ துப்பாக்கி, 1935 ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் வெளிவந்தது. முதலில் அதற்கு அகக்கொக்கியே இருந்தது. 1962 ஆம் ஆண்டளவில் அதை ஆக்கியோர் புறக்கொக்கிக்கு மாறினர். பிற்காலத்துப் பெரெட்டா, குளொக் முதலியனவும் புறக்கொக்கி உடையனவே. அவற்றில் அறைக்குள் தோட்டா இருக்கும்போது கொக்கி சற்றே வெளியே புடைத்து நின்று, அதைக் காட்டவும் செய்கிறது.

இனி, முதலில் எழுந்த கேள்விக்கு வருவோர் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளவேண்டும். வெடித்த கோது வெளிவருவதற்கு வெடிவாயுவின் அழுத்தமும் துணைசெய்கிறது. வெடிக்காத தோட்டாவுக்கு அத்துணை கிடையாது. அதை வெளியே இழுப்பது கொக்கி மட்டுமே. ஆண்டுக்கணக்காக ஈரமண்ணிற் கிடந்த துப்பாக்கியில் கொக்கி துருவேறி முறிந்திருக்கலாம். அல்லது தோட்டா அறையோடு இறுகியிருக்கலாம். அந்நிலையில் ரவைக்கூட்டைக் கழற்றி, மேற்பாகத்தை இழுத்தாலும், தோட்டா அறைக்குள்ளேயே தங்கிவிடும். புறக்கொக்கியின் புடைப்பையோ துருவும் சேறும் மறைத்துவிடும். எவ்வகைக் கொக்கியாயினும், வெளித்தோற்றத்தைக் கொண்டு அறை வெறுமையென்று துணிதல் ஆகாது.

எனவே நிலத்தில் துப்பாக்கியைக் காண்பவர் அதைத் தொடாமலும், இழுத்துப் பாராமலும், கண்ட இடத்திலேயே விட்டு விலகவேண்டும். பிள்ளைகளை அண்டவிடாது, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவிக்கவேண்டும். துருப்பிடித்த இரும்பென்று அதைப் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துச் செல்லலும் தகாது. உறுப்புத் துருப்பிடித்தாலும், அறைக்குள் இருக்கும் தோட்டாவின் மருந்து உயிரோடிருக்கக்கூடும்.