தொட்டிக்கு வந்த தாய் மீன்



வீட்டில் மீன் வளர்க்க விழைவோர் கடையிலிருந்து முதன்முதலாக வாங்கி வரும் மீன்களுள் கப்பி ஒன்று. அதன் விலை குறைவு, உடலோ உறுதியானது, ஆண் மீனின் வால் நிறமோ கண்ணைக் கவர்வது. வாங்கி வந்த சில நாட்களில் பெண் மீனின் வயிறு பருத்துக் காணப்படும். அது சினையாக இருக்கிறதா? அல்லது நோயுற்றதா? நாம் செய்ய வேண்டுவது யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் மீனின் வரலாற்றைச் சிறிது அறிவோம். தென் அமெரிக்காவின் வடபகுதியும், அதனை அடுத்துள்ள டிரினிடாட் தீவும் கப்பியின் தாயகத்தைச் சேர்ந்தவை. ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பார் டிரினிடாடிலிருந்து இம்மீனை லண்டன் மாநகரின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். 1866இல் குந்தர் என்னும் அறிஞர் அவர் பெயரையே மீனுக்குச் சூட்டினார். பீட்டர்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1859ஆம் ஆண்டிலேயே இம்மீனை விவரித்திருந்தார் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே அறிவியற் பெயர் மாறிற்று. வழக்குப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பெரும்பாலான மீன்கள் முட்டைகளை நீரில் இடுகின்றன. கப்பியோ குஞ்சு ஈனுவது. முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே கருவுற்று, தம்முள் உள்ள மஞ்சள் கருவை உண்டு வளர்ந்து, குஞ்சுகளாகவே வெளிவருகின்றன. மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

பெண் கப்பி ஆணின் விந்தணுக்களைப் பல மாதங்கள் வரை தன் உடலில் சேமித்து வைக்கவல்லது. ஆதலின் ஆண் மீனே இல்லாத தொட்டியிலும் அது மீண்டும் மீண்டும் குஞ்சு ஈனக்கூடும். கடைத் தொட்டிகளில் ஆணும் பெண்ணும் கலந்தே இருப்பது வழக்கம். எனவே அங்கிருந்து வந்த வளர்ந்த பெண் மீன் சினையாகவே இருக்கும் என்று எண்ணிக்கொள்வது அறிவுடைமை.

சினையை அறியும் அடையாளம் யாது? வயிற்றின் பின்புறத்தில், கழிவாய்க்கு அருகே, முக்கோணம் போன்ற கருநிறப் புள்ளி ஒன்று தோன்றும். நாள் ஏற ஏற அது பெரிதாகிக் கருமை மிகும். வயிறும் பருத்து, இறுதியில் சதுரம் போன்ற வடிவத்தைப் பெறும். கருக்காலம் ஏறக்குறைய நான்கு வாரம். நீரின் வெப்பத்துக்கேற்ப இது சற்றுக் கூடவும் குறையவும் செய்யும். ஆனால் வயிறு பருத்ததோடு செதில்களும் சிலிர்த்து நிற்குமாயின், அது சினையன்று. உடலில் நீர் கோத்துக்கொள்ளும் நோயாகும். மேலிருந்து நோக்கினால் இவ்வேற்றுமை நன்கு புலப்படும்.

இனி, பேணும் முறைக்கு வருவோம். புதிய மீனைப் பழைய மீன்களோடு உடனே சேர்த்தல் கூடாது. கடையில் தொற்றிய நோய் வெளிப்படச் சில வாரங்கள் ஆகலாம். சுமார் 20 லிட்டர் கொள்ளும் தனித் தொட்டி ஒன்றை முன்னரே ஆயத்தம் செய்தல் நலம். நோய் காக்கும் அறையும் அதுவே. பேறு காணும் அறையும் அதுவே. பேறு நெருங்கிய காலத்தில் தாயை வலையால் பிடித்து இடம் மாற்றுவதால் விளையும் அச்சம் பேற்றைக் கெடுக்கலாம்; தாயின் உயிரையும் மாய்க்கலாம். தொடக்கத்திலேயே தனித்து வைத்தால் இத்தீங்கு நேராது.

தொட்டி நீரில் நாம் கண்ணால் காணாத வேலை ஒன்று நடைபெறுகிறது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டைத் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவ்வுயிர்கள் பெருகச் சில வாரங்கள் செல்லும். நன்கு நடைபெறும் வேறொரு தொட்டியின் வடிகட்டிப் பஞ்சு கிடைக்குமாயின், அதனை இட்டு இக்காலத்தைக் குறைக்கலாம். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுதல் வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரின் மீனின் செவுள்களைப் புண்படுத்தும். ஆகவே அந்நீரை ஒரு நாள் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்தோ, சோடியம் தயோசல்பேட் துளிகள் இட்டோ பயன்படுத்துக.

கடைப் பையை மூடியவாறே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டு, பின்னர்த் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, மீனை மட்டும் உள்ளே விடுதல் முறை. வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகள் அடர்ந்திருப்பின் தாய்க்கு மறைவிடம் கிடைக்கும். உணவு நாளைக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே போதும். கண்ணாடியைத் தட்டுவதும், ஆண் மீனைத் துணைக்கு விடுவதும் வேண்டா. ஆண் ஓயாது துரத்தித் தாயைக் களைப்புறச் செய்யும்.

மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுத் தர வேண்டுமா என்பது நம் பழமொழி. கப்பிக் குஞ்சு பிறந்த உடனேயே நீந்துகிறது. செடிகளுக்கிடையே ஒளிந்தும் கொள்கிறது. ஒளிவதற்குக் காரணம் உண்டு. பெற்ற தாயே குஞ்சுகளை உண்ணும் இயல்புடையது. அதனைக் கொடுமை என்று நாம் பழித்தல் பொருந்தாது. அசையும் சிறு பொருளெல்லாம் அதற்கு இரையே. பேறு முடிந்ததும் தாயை மெல்ல வேறிடம் மாற்றி, குஞ்சுகளுக்கு நன்கு பொடித்த உணவைப் பலமுறை சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும்.

ஒரு பேற்றில் சில குஞ்சுகளும் பிறக்கலாம். ஐம்பதுக்கு மேலும் பிறக்கலாம். அவை இரண்டு மூன்று மாதங்களில் தாமும் பெருகத் தொடங்கும். ஆகவே ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஆண்களுக்கு நிறம் அரும்பியதும் இரு பாலையும் பிரித்து வைக்க வேண்டும். மிகுந்தவற்றை நண்பர்க்கோ கடைக்கோ அளிக்கலாம். ஏரியிலும் ஆற்றிலும் விடுதல் தகாது. கொசுப் புழுவை உண்பதால் சுகாதாரத் துறையினர் கிணறுகளிலும் தேங்கிய நீரிலும் கப்பியை விடுவது உண்மையே. ஆயினும் அயல்நாட்டு மீன் இயற்கை நீர்நிலையில் பெருகினால் அங்குள்ள சிறு மீன்களுக்கு இடையூறாகும்.

மாணவர்களே! புதிய மீன் வந்த நாள், கரும்புள்ளி தென்பட்ட நாள், நீரின் வெப்பம், குஞ்சுகள் பிறந்த நாள், அவற்றின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். உயிரியல் பாடத்தை உங்கள் கண்ணாலேயே கற்பீர்கள். ஆனால் அறியும் ஆர்வத்தால் அடிக்கடி தொட்டியைக் கலக்காதீர்கள். தூய நீரும், அளவான உணவும், மறைவிடமும், அமைதியும் அளித்தபின் விலகி நின்று காத்திருப்பதே தாய் மீனுக்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவியாகும்.