குளிர் அறை காயிலில் உறைபனியா? சுரண்டாதீர்கள்!

ஊட்டியைப் போல பெருமாநல்லூர் வயல்களில் உறைபனி விழுவதில்லை. ஆனால், காய்கறி வைக்கும் குளிர் அறைக்குள் அது அன்றாடம் படிகிறது. கூலிங் காயிலை வெள்ளையாக மூடிவிட்டால் காற்று போகாது. கம்பரசர் ஓய்வின்றி ஓடும், மின்கட்டணம் ஏறும், உள்ளே இருக்கும் காயும் கெடும்.

ஏன் படிகிறது?

அறை 4 டிகிரி செல்சியஸில் இருந்தாலும் காயில் அதைவிடச் சில்லென்று இருக்கும். அது 0 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் உறைகிறது. உறைபனிக்குள் காற்று அடைபட்டிருப்பதால், அது கம்பளி போலக் குளிர்ச்சி பரவுவதைத் தடுக்கிறது.

பூச்சு என்ன செய்யும்?

எந்தப் பூச்சும் உறைபனியை முழுமையாக நிறுத்தாது. அது படியும் விதத்தையும் நீங்கும் விதத்தையும் மாற்றும்.

நீர் பரவும் பூச்சு: காயிலின் அலுமினியத் தகடுகளில் பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பது இதுதான். தண்ணீர் துளியாக நிற்காமல் மெல்லிய படலமாக வழிந்துவிடும். உறைபனியும் அடர்த்தியாக, மெல்லியதாகப் படிவதால் தகடுகளின் இடைவெளி சீக்கிரம் அடைபடாது.

நீர் ஒட்டாப் பூச்சு: தாமரை இலையில் தண்ணீர் உருள்வது போன்றது. துளிகள் உறைவதைத் தாமதப்படுத்தும். கரைக்கும்போது பனி எளிதில் கழன்று விழும். ஆனால், பலமுறை உறைந்து கரையும்போது இதன் திறன் குறையும்.

பூச்சு நன்றாக இருக்கிறதா?

இயந்திரத்தை நிறுத்தி, மின்இணைப்பைத் துண்டித்து, பனி கரைந்தபின் தகடுகளில் சிறிது தண்ணீர் தெளியுங்கள். நீலத் தகட்டில் நீர் பரவினால் பூச்சு நலமாக உள்ளது. முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கலாம், அல்லது பூச்சு தேய்ந்திருக்கலாம்.

செய்ய வேண்டியவை

* அறை 4 டிகிரிக்கு மேல் இருந்தால், கம்பரசரை நிறுத்தி மின்விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். பனி தானே கரையும். அதைவிடக் குளிரான அறைக்கு, கரைப்பதற்கான ஹீட்டர் தேவை.
* கரைந்த நீர் வெளியேறும் குழாயில் அடைப்பு இல்லாமல் பாருங்கள். தேங்கிய நீர் மறுபடி உறையும்.
* பஞ்சுத் துகள், வெங்காயச் சருகு ஆகியவற்றை மென்மையான தூரிகையால் நீக்கி, குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள்.
* ஈரக் காய்களை நிழலில் உலர்த்தி உள்ளே வையுங்கள். கதவு ரப்பர் கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கதவைத் திறந்து போடாதீர்கள்.

செய்யக் கூடாதவை

* கத்தி, ஸ்க்ரூடிரைவர் கொண்டு சுரண்டக் கூடாது. பூச்சு கிழியும், குழாய் ஓட்டையாகி கேஸ் வெளியேறினால் அறையிலுள்ள சரக்கே போய்விடும்.
* பனி ஒட்டாது என்று சமையல் எண்ணெய் தடவ வேண்டாம். நீர் பரவும் தன்மை போய், தூசும் சேரும்.
* ஆசிட், காஸ்டிக் சோடா போட்டுக் கழுவ வேண்டாம்.

புதிதாகக் குளிர் அறை அமைப்பவர்கள், தகட்டின் நிறத்தை மட்டும் பார்த்து வாங்காமல், அது எந்த வகைப் பூச்சு, எதைக் கொண்டு கழுவலாம் என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பூச்சைப் பாதுகாத்தால், அது உங்கள் காயையும் மின்கட்டணத்தையும் பாதுகாக்கும்.