உங்கள் பல்லின் அளவு பத்திரமாகப் போய்ச் சேருகிறதா?

வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல்லுக்குக் 'கேப்' போட வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டால், நம் இல்லங்களில் எழும் முதல் கேள்வி, "எவ்வளவு செலவாகும்?" என்பதே. வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ செய்ய வேண்டிய சிகிச்சையென்றால், "எத்தனை முறை அழைத்து வர வேண்டும்?" என்ற கேள்வியும் உடன் வரும். இவ்விரண்டிற்கும் விடை கிடைத்ததும் மனம் அமைதியடைந்து விடுகிறது. வாயில் எடுத்த அளவு எங்கே செல்கிறது, யார் கையில் சேருகிறது, வழியில் அதற்கு என்ன நேருகிறது என்பதை எவரும் வினவுவதில்லை. அன்பு வாசகர்களே! புதிய உறை பல்லில் பொருந்துமா என்பதில் அந்த வழிக்கும் பெரும் பங்குண்டு.

முன்பு குழைத்த மாவைத் தட்டில் நிரப்பி, வாய்க்குள் அழுத்தி அச்செடுத்தார்கள். குமட்டலை அடக்கிக்கொண்டு அமர்ந்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். இன்று பல மருத்துவமனைகளில் தடித்த பேனா போன்ற ஒரு கேமராவை வாய்க்குள் நகர்த்தினால் போதும். பற்களின் உருவம் கணினித் திரையில் எழுந்து விடுகிறது. ஒளியால் பல்லை அளக்கும் எண்ணம் புதியதன்று. பிரான்சு நாட்டின் பிரான்சுவா துரே 1973ஆம் ஆண்டிலேயே இதைத் தம் ஆய்வேட்டில் முன்வைத்தார். 1985இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், பல் மருத்துவர் வெர்னர் மோர்மனும் பொறியாளர் மார்கோ பிரான்டெஸ்டினியும் உருவாக்கிய 'செரெக்' கருவி முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பயன்பட்டது.

மாவில் பதிந்த அச்சு எந்த லேபுக்குச் சென்றாலும் அதே அச்சுதான். கணினியில் எடுத்த அளவோ ஒரு கோப்பாகப் பயணம் செய்கிறது. அளவெடுக்கும் கருவி ஒரு நிறுவனத்துடையது. லேபில் உறையை வடிவமைக்கும் மென்பொருள் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்துடையது. டென்மார்க்கின் த்ரீஷேப், ஜெர்மனியின் எக்ஸோகேட், டென்ஸ்ப்ளை சிரோனாவின் இன்லேப் எனப் பல மென்பொருள்கள் புழக்கத்தில் உள்ளன. ஒன்றின் சொந்த மொழி மற்றொன்றுக்கு எளிதில் விளங்காது. ஆகவே எல்லாரும் அறிந்த பொது வடிவம் ஒன்றிற்குக் கோப்பை மாற்றி அனுப்புகிறார்கள். மொழிபெயர்ப்பில் சில விடுபட்டுப் போகும் அன்றோ? அதுவே இங்கும் நேருகிறது.

அந்தப் பொது வடிவங்களுள் மிகுதியாக வழங்குவது எஸ்.டி.எல். எனப்படும். 1987இல் அமெரிக்காவின் திரீடி சிஸ்டம்ஸ் நிறுவனத்தார் தங்கள் முப்பரிமாண அச்சு இயந்திரத்திற்காக இதை உண்டாக்கினர். பல் மருத்துவம் அவர்கள் கருத்திலேயே இல்லை. சின்னஞ்சிறு முக்கோணங்களை ஒட்டவைத்து மேற்பரப்பைக் காட்டுவதோடு இதன் வேலை முடிந்தது. அளவு மில்லிமீட்டரா அங்குலமா என்ற குறிப்புக்கூட இதில் கிடையாது. பெறுபவரின் கணினி தவறி அங்குலம் என்று எடுத்துக்கொண்டால், 10 மில்லிமீட்டர் பல் 254 மில்லிமீட்டராக வளர்ந்து நிற்கும்! இந்தப் பிழையைக் கண்டவர் சிரித்துவிட்டுத் திருத்தி விடுவார். கண்ணில் படாத பிழைகளே அஞ்சத்தக்கவை.

எஸ்.டி.எல். கோப்பில் நிறம் இல்லாததை எடுத்துக்கொள்வோம். உறை போடுவதற்காக மருத்துவர் பல்லைச் சுற்றிலும் அரைத்து, ஈறின் ஓரத்தில் ஒரு விளிம்பு அமைக்கிறார். அந்த விளிம்பில்தான் உறையின் ஓரம் வந்து அமர வேண்டும். நிறத்தோடு பார்த்தால் வெண்பல் எங்கே முடிகிறது, சிவந்த ஈறு எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும். எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டாலோ, ஒரு துளி உமிழ்நீரும் பல்லின் மேடுபோலத் தோன்றும். லேப் டெக்னீஷியன் ஊகித்துத்தான் கோடு வரைய வேண்டும். உறைக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள வெளி 120 மைக்ரானுக்குள் இருப்பது நலம் என்று மக்லீனும் ஃபான் ஃபிரான்ஹோஃபரும் 1971இல் எழுதினர். இன்றும் அந்த அளவையே பலரும் எடுத்துக்காட்டுவர். அது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு மேல் இடைவெளி விழுந்தால் உணவுத் துணுக்கும் கிருமியும் குடியேறி, உறைக்கு அடியிலேயே பல் சொத்தையாகக் கூடும். அரைத்த பல்லோ மீண்டும் வளராது.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த பி.எல்.ஒய். வடிவம் நிறத்தையும் சுமந்து செல்லும். ஓ.பி.ஜே. வடிவத்திலும் நிறம் உண்டு. ஆனால் அது தனிப் படக்கோப்பாக உடன் செல்ல வேண்டும். அந்தப் படத்தைச் சேர்க்க மறந்தால் மீண்டும் சாம்பல்தான். த்ரீஷேப்பின் சொந்தக் கோப்புக்கு டி.சி.எம். என்று பெயர். மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் படங்களும் அதே மூன்றெழுத்தோடு வருவதுண்டு. பெயரைப் பார்த்துத் திறக்க முயன்று திகைப்பவர்களைக் குறை கூற முடியுமா?

எண்ணிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. நம் நாடு உட்படப் பல நாடுகளில் வழங்கும் முறைப்படி 11 என்றால் மேல்தாடையின் வலப்புற நடு முன்பல். அமெரிக்க முறையிலோ 11 என்பது மேல்தாடையின் இடப்புறக் கோரைப்பல்! வெளிநாட்டிலிருந்து ஊர் வந்தவருக்கோ, இங்கிருந்து அங்கு சென்றவருக்கோ பழைய மருத்துவக் குறிப்பைக் காட்டும்போது, எண்ணோடு பல்லின் பெயரையும் எழுதச் சொல்வது நல்லது.

எலும்பில் திருகு பதித்துப் பல் கட்டும் 'இம்ப்ளாண்ட்' சிகிச்சையில் கவனம் இன்னும் கூட வேண்டும். திருகு எங்கே, எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதை அறிய அதன்மேல் ஓர் அடையாளத் துண்டைப் பொருத்தி அளவெடுப்பார்கள். அதே துண்டின் உருவத்தை லேபின் மென்பொருள் தன் தொகுப்பிலிருந்து எடுத்துப் பொருத்தும். மருத்துவர் வைத்தது ஒன்று, லேபில் தேர்ந்தெடுத்தது அதைப் போன்ற வேறொன்று என்றாகிவிட்டால், திரையில் எல்லாம் சரியாகவே தோன்றும். வாயில் பொருத்தும்போதுதான் உண்மை தெரியும். தயாரித்த நிறுவனத்தின் பெயரும் மாதிரியும் கோப்பில் தாமாக ஏறிச் செல்வதில்லை. யாரேனும் ஒருவர் எழுதி அனுப்பியாக வேண்டும்.

மற்றொன்று: கேமரா எட்டாத இடத்தில் உருவத்தில் ஓட்டை விழும். சில மென்பொருள்கள் அந்த ஓட்டையைத் தாமே அடைத்து வழவழப்பாக்கி விடும். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் இருப்பது உங்கள் பல் அன்று, கணினியின் கற்பனை. கோப்பின் பருமனைக் குறைக்க முக்கோணங்களைக் குறைத்தாலும் கூர்மையான விளிம்பு மழுங்கும். நல்ல லேபில் முதலில் வந்த கோப்பைத் தொடாமல் பாதுகாத்து, அதன் நகலில்தான் வேலை செய்வார்கள். மேல்தாடையும் கீழ்த்தாடையும் கடித்த நிலையில் ஒன்றாக வந்திருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். தனித்தனியே விலகி வந்தால் கடிப்பு மாறி, புதுப்பல் மட்டும் முந்திக்கொண்டு இடிக்கும்.

ஆதலால், மருத்துவரிடம் மூன்று செய்திகளைத் தயங்காமல் கேளுங்கள். அளவை நிறத்தோடு லேபுக்கு அனுப்புகிறார்களா? விளிம்பை மருத்துவரே குறித்துத் தருகிறாரா? கோப்பின் நகல் உங்களுக்குக் கிடைக்குமா? பின்னொரு நாள் அதே பல்லுக்கு வேறு ஊரில் சிகிச்சை தேவைப்பட்டால் அந்த நகல் உதவும். இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டவர்கள் அதன் நிறுவனம், மாதிரி, அளவு ஆகிய விவரங்களை எழுதி வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருங்கள்.

"லேபில் விளிம்பு தெளிவாக இல்லை என்கிறார்கள், மறுபடியும் ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும்" என்று அழைப்பு வந்தால் சினம் கொள்ளாதீர்கள். ஊகித்து வரைய மனமில்லாத ஒருவர் அங்கே அமர்ந்திருக்கிறார் என்பதே அதன் பொருள். தற்காலிக உறையைக் கழற்றி, ஈறை உலர்த்தி, அந்தப் பல்லை மட்டும் மீண்டும் எடுக்கச் சில நிமிடங்களே ஆகும்.