இரும்பு தந்த இனிமை

“பழைய ரேடியோப் பெட்டியில் கேட்ட பாட்டின் சுகம் இப்போது வருமா?” என்னும் வினா நம் இல்லங்களில் முதியோர் வாயிலிருந்து அடிக்கடி எழுவதொன்று. இளைஞர்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவதும் வழக்கமே. போன காலம் எல்லாம் பொற்காலம் என்று எண்ணுவது முதுமையின் இயல்புதானே என்பது அவர்கள் கருத்து. ஆயினும் இவ்வினாவில் ஏக்கம் ஒரு பங்கு என்றால், பௌதிக சாஸ்திரம் மற்றொரு பங்கு உண்டு. அந்த இரண்டாம் பங்கை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் செய்யப்பெற்ற சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாக இலங்கைத் தேயிலை மலைகளை விட்டு இந்தியா வந்த குடும்பங்களிற் சில, தமிழகத்தில் நில்லாமல், கடல் தாண்டி நிக்கோபார்த் தீவுகளில் ஒன்றாகிய கட்சாலின் ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பப்பெற்றன என்பதை நம் வாசகர் அறிவர். மலையகத்து லயன்களில் அவர்களுடைய முன்னோர்க்கு மாலை நேரத் துணையாக இருந்தது இலங்கை வானொலி. 1950-இல் தொடங்கிய அதன் வர்த்தக ஒலிபரப்பும், எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்களின் குரலும் பாக்கு நீரிணையின் இருகரையிலும் புகழ் பெற்றவை. அக்குரல் ஒலிபெருக்கியை அடைவதற்கு முன் கடைசியாகக் கடந்து வந்த பொருள் எது? பெட்டிக்குள் ஒலிபெருக்கியின் அருகே, கட்டை விரல் பருமனிலிருந்து கைப்பிடி அளவு வரை பல வடிவில் அமைந்திருந்த ஓர் இரும்புத் துண்டே அது. தமிழில் மின்மாற்றி என்கிறோம், தெருவழக்கில் டிரான்ஸ்பார்மர்.

மின்மாற்றியின் வேலை யாது?

ஓர் இரும்பு உள்ளகத்தின்மீது இரண்டு தாமிரக் கம்பிச் சுருள்கள் சுற்றப்பட்டிருக்கும். முதற் சுருளில் மின்னோட்டம் ஏறி இறங்கும்போது இரும்பில் காந்தப் புலம் ஏறி இறங்குகிறது. அக்காந்த மாற்றம் இரண்டாம் சுருளில் புதிய மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கிறது. இரு சுருள்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இந்த உண்மையை 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். வால்வு ரேடியோவில் வால்வின் பக்கம் மின்னழுத்தம் மிகுதி, மின்னோட்டம் குறைவு. ஒலிபெருக்கியின் பக்கமோ அழுத்தம் குறைவாகவும் ஓட்டம் மிகுதியாகவும் வேண்டும். ஒத்துவராத இவ்விருவர்க்கும் இடையே நின்று இணக்கம் செய்துவைத்த தரகனே மின்மாற்றி.

தரகன் எவனும் தன் பங்கைச் சிறிதேனும் எடுத்துக்கொள்ளாமல் விடான் அன்றோ? இரும்பும் அப்படியே. காந்தத்தை ஏற்கும் ஆற்றலுக்கு இரும்பில் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நெருங்க நெருங்க, அலையின் உச்சியும் அடியும் மெல்ல மழுங்குகின்றன. மேலும், காந்தம் ஏறிய வழியிலேயே இறங்குவதில்லை. சற்றே பின்தங்கி இறங்குகிறது. இவ்விரு குணங்களாலும் உள்ளே சென்ற ஒலியும் வெளியே வந்த ஒலியும் அச்சொட்டாக ஒன்றாயிருப்பதில்லை.

இங்கே நுட்பமான செய்தி ஒன்று உண்டு. ஒரே அழுத்தத்தில் வரும் ஒலிகளில், அதிர்வு எண் குறையக் குறைய இரும்பின்மீது விழும் காந்தச் சுமை கூடுகிறது. விநாடிக்கு 500 அதிர்வுள்ள ஒலி ஏற்றும் சுமையைப் போலப் பத்து மடங்கு சுமையை 50 அதிர்வுள்ள ஒலி ஏற்றிவிடும். ஆகவே இரும்பின் திரிபு தப்பின் அடியோசையிலும் மிருதங்கத்தின் தொப்பியிலும் மிகுதியாகத் தோன்றும். புல்லாங்குழலின் மேல் ஸ்வரங்களில் ஏறக்குறைய இல்லாதே போகும். அடி கனக்கும், நுனி தெளிந்திருக்கும். எல்லா ஒலியையும் ஒரே வகையாகக் கரகரப்பாக்கும் மற்றத் திரிபுகளுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

பஞ்சமம் பிறக்கும் விதம்

மழுங்கிய அலை செவிக்கு ஏன் இனிக்க வேண்டும்? அலை மழுங்கும்போது அதன் மடங்குகளாகிய புதிய அதிர்வுகள் பிறக்கின்றன. உச்சியும் அடியும் ஒரே அளவில் மழுங்குவதால், ஒற்றைப்படை மடங்குகளே முன்னிற்கின்றன; அவற்றுள் தலைமையானது மூன்றாம் மடங்கு. ஷட்ஜம் 100 அதிர்வு என்று கொள்வோம். அதன் மும்மடங்காகிய 300 யாது? மேல் ஸ்தாயிப் பஞ்சமம். ஐந்தாம் மடங்காகிய 500 அதற்கும் மேல் ஸ்தாயியின் அந்தர காந்தாரம். நன்கு சுருதி சேர்ந்த தம்புராவை மீட்டினால் தானே எழுந்து ஒலிக்கும் ஸ்வரங்கள் இவையே. இரும்பு புகுத்துவது பகையான ஒலியன்று. நம் செவி தலைமுறை தலைமுறையாகப் பழகிய உறவான ஒலி.

இன்னுமொரு பயனும் உண்டு. இன்று நம்மவர் பாட்டுக் கேட்பது பெரும்பாலும் கைபேசியின் சிற்றொலிபெருக்கியில். 80 அதிர்வுள்ள அடியோசையை அதனால் எழுப்ப இயலாது. ஆனால் அதன் மடங்குகளாகிய 240-ஐயும் 400-ஐயும் ஓரளவு கேட்பித்துவிடும். மடங்குகளைக் கேட்ட மாத்திரத்தில், இல்லாத அடியோசையை நம் மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. எனவே அளவாகச் சேர்த்த திரிபு, கைபேசியிலும் தப்பின் அதிர்வை உணரச் செய்கிறது.

எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. பழைய ரேடியோவின் இனிமை முழுவதும் இரும்பினது என்று சொன்னால் அது மிகைக் கூற்றாகும். வால்வின் குணம், காகிதக் கூம்பு ஒலிபெருக்கி, மரப்பெட்டியின் அதிர்வு ஆகியவையும் அதில் பங்குகொண்டன. திருவிழாக்களில் மரக்கிளையில் கட்டும் குழாய் ஸ்பீக்கரின் பின்புறத்திலும் மின்மாற்றி இருப்பதுண்டு. அதன் ஓசையைக் கனிவு என்று எவரும் சொல்லார். இரும்பு ஒரு துணையே. தனித்து நின்று எதையும் சாதிப்பதில்லை.

கூடத்திலிருந்து கணினிக்கு

வால்வுக் கருவிகள் ஆட்சி செய்த நாளில், பாடகரின் குரல் ஒலிவாங்கியிலிருந்து நாடாவில் பதியும் வரை பல மின்மாற்றிகளைக் கடந்தே சென்றது. லண்டன் அபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தின் பழைய மேசைகளில் இருந்த ஜெர்மானிய வி-72 பெருக்கிகள் மின்மாற்றி பொருந்தியவை. ஆங்கிலப் பொறியாளர் ரூபர்ட் நீவ் 1970-இல் வடிவமைத்த 1073 என்னும் பெருக்கி, வால்வைக் கைவிட்டு டிரான்சிஸ்டரை ஏற்றபோதும் மின்மாற்றியைக் கைவிடவில்லை. 2021-இல் அவர் மறைந்த பின்னரும் அக்கருவியின் ஓசையை நாடுவோர் உலகெங்கும் உள்ளனர்.

பின்னர் எண்முறைப் பதிவு வந்தது. 1982-இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. சென்னையில் ஏ. ஆர். ரகுமான் 1989-இல் தம் இல்லத்தை ஒட்டி அமைத்த பஞ்சதன் கூடமும், 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’வும் கணினி வழிப் பதிவின் பெருமையைத் தமிழருக்கு உணர்த்தின. எண்முறைப் பதிவு, கொடுத்ததைக் கொடுத்தபடியே திருப்பித் தரும் நேர்மை உடையது. இரைச்சல் இல்லை, தேய்வில்லை. ஆனால் இரும்பு சேர்த்துவந்த அந்தச் சிறு பஞ்சமமும் அதில் இல்லை. “சுத்தமாக இருக்கிறது, ஆனால் குளிர்ந்திருக்கிறது” என்றனர் சிலர். ஆங்கிலேயர் ‘வார்ம்த்’ என்று குறிப்பதை நாம் கனிவு எனலாம்.

போன கனிவைக் கணக்கினால் மீட்கும் முயற்சியே மின்மாற்றிப் போலிமை செய்யும் பிளக்-இன்கள். இவை கணினியின் ஒலிக்கலவைச் செயலிக்குள் செருகிக்கொள்ளும் சிறு நிரல்கள். இரும்பு எவ்வாறு காந்தம் ஏற்கிறது, எவ்வாறு பின்தங்குகிறது என்பதை ஜைல்ஸ், அதர்ட்டன் என்னும் இருவர் 1980-களில் கணித வடிவில் தந்தனர். அக்கணிதத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை கணக்கிட்டு, இல்லாத இரும்பை இருப்பதாக நடிக்கவைக்கின்றனர் நிரலாளர். கஸ்ராக் நிறுவனத்தின் ‘ட்ரூ அயர்ன்’ பழைய மின்மாற்றிகள் பலவற்றைப் பின்பற்றுவது, விலை உடையது. ஜதின் சௌதரி என்பார் ஆக்கிய ‘சௌ டேப்’ ஒலிநாடாவைப் பின்பற்றுவதாயினும், அதன் உட்கரு மேற்சொன்ன காந்தக் கணிதமே; அதற்கு விலை இல்லை. கிறிஸ் ஜான்சனின் ‘ஏர்விண்டோஸ்’ தொகுதியும் இலவசமாகக் கிடைப்பது. ஆகவே கைப்பொருள் இல்லை என்பது இத்துறையில் தடையாகாது.

கையாளும் முறை

இக்கருவிகளைக் கையாள விரும்பும் இளைஞர்களுக்குச் சில குறிப்புகள்.

முதலாவது, பதிவு நன்றாக இருத்தல் வேண்டும். கட்சால் போன்ற தீவில் காற்றும் அலையோசையும் ஓயா. பாடுபவரை உள்ளறையில் அமர்த்தி, சுற்றிலும் துணி தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, கைபேசியை வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வைத்துப் பதிக. கெட்ட பதிவைப் பிளக்-இன் திருத்தாது. அலையிரைச்சலுக்கும் சேர்த்தே கனிவு ஊட்டிவிடும்.

இரண்டாவது, ஒலியளவு. இந்நிரல்கள் பலவும், சராசரி ஒலி முழு அளவிலிருந்து 18 டெசிபல் தாழ்ந்து நிற்கும் என்று எண்ணி ஆக்கப்பட்டவை. அதைவிட மிகத் தாழ்ந்தால் இரும்பு விழிக்காது; மிக உயர்ந்தால் கரகரப்பே மிஞ்சும்.

மூன்றாவது, திரிபை மெல்லக் கூட்டுக. காதுக்குப் புலப்பட்ட உடனே சற்றுக் குறைத்து நிறுத்துக. உப்பு இருப்பது தெரியாமல் இருப்பதே நல்ல குழம்புக்கு அழகு. கணினியில் மிகை மாதிரியெடுப்பு என்னும் வசதி இருப்பின் அதை இயக்குக. இல்லையேல் மிக உயர்ந்த மடங்குகள் மடிந்து கீழிறங்கி, சுருதிக்குப் பொருந்தாத ஓசையாகக் கலந்துவிடும்.

நான்காவதே தலையாயது. சற்றுக் கூடுதலாக ஒலிப்பது எதுவும் சிறப்பாக ஒலிப்பதாகவே செவி ஏமாறும். ஆகவே நிரல் சேர்த்த ஒலியையும் சேர்க்காத ஒலியையும் ஒரே அளவாக்கி, எது எது என்று சொல்லாமல் வீட்டாரிடம் கேட்பித்துப் பாருங்கள். வேற்றுமை தெரியவில்லை என்று அவர்கள் சொன்னால், அந்நிரலை எடுத்துவிடத் தயங்கவேண்டாம்.

எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது?

இளைஞர் குழுவொன்று புதிதாகப் பாடிப் பதிந்த பாட்டுக்குக் கனிவு ஊட்டுவது அவர்கள் விருப்பம், அதில் குற்றமில்லை. ஆனால் நம் இல்லங்களில் வேறு வகைப் பதிவுகளும் உள்ளன. மலையகத்துத் தாலாட்டை அறிந்த பாட்டி, காமன் கூத்துப் பாட்டை வரிசை பிறழாமல் சொல்லத் தெரிந்த தாத்தா, ஒப்பாரியின் மெட்டு மாறாமல் இழுக்கத் தெரிந்த அத்தை ஆகியோரின் குரல்கள் அவை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப் பேரலை கட்சாலில் எத்தனை உயிரையும் எத்தனை வீட்டையும் கொண்டுபோயிற்று என்பதை நாம் அறிவோம். அவ்வீடுகளோடு அங்கிருந்த ஒலிநாடாக்களும் போயின. மீண்டும் கேட்க முடியாத குரல் எத்தகைய செல்வம் என்பதை அத்தீவினருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தகைய குரலுக்குக் கனிவு ஊட்டலாமா? செவிக்கு இதமாயிருக்கும் என்பது மெய்யே. ஆனால் அந்த இதம் பாட்டியுடையதன்று, நிரலினுடையது. நாளை பேரக்குழந்தை கேட்கும்போது, பாட்டியின் தொண்டைக் கனம் எது, கணினி ஊட்டிய கனம் எது என்று பிரித்தறிய வழியில்லை. குரலின் நடுக்கமும் மூச்சின் இடைவெளியும் அவள் வாழ்ந்ததன் சான்றுகள். கூட்டிய திரிபைப் பின்னால் கழித்தெடுக்கவும் இயலாது. பாலில் கலந்த நீர் பிரியாதது போல.

ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு படிகள் வைத்துக்கொள்வதே நேரிய வழி. ஒன்று பேணும் படி: பதிந்தது பதிந்தபடியே, எந்த நிரலும் தொடாமல், சுருக்காத வடிவில் இருப்பது. அதில் பாடியவர் பெயர், உறவு, ஊர், நாள் ஆகியவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். மற்றொன்று கேட்கும் படி: சங்க விழாவிலும் திருமண வீட்டிலும் ஒலிப்பதற்கு வேண்டிய மெருகு பெற்றது. முன்னதை ஒரே வீட்டில் வைக்கலாகாது. கட்சாலில் ஒன்று, தாய்த் தமிழகத்து உறவினரிடம் ஒன்று என்று இரண்டு கரையில் வைத்தல் நலம். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பெற்ற சென்னை–அந்தமான் கடலடிக் கம்பிவடம் அண்டைத் தீவாகிய கமோர்ட்டா வரை வந்திருக்கும் இந்நாளில், ஒரு பாட்டைக் கடல் கடந்து அனுப்புவது அன்று கடிதம் அனுப்பியதைவிட எளிது.

பழைய பெட்டியின் சுகம் வருமா என்று கேட்ட பெரியோருக்கு இனி நாம் விடை கூறலாம். வரும், ஓரளவு வரும், கணக்கினால் வரும். ஆனால் இரும்பைப் போலி செய்ய ஆயிரம் நிரல்கள் உள. உங்கள் குரலைப் போலி செய்து வைத்துக்கொள்ள நாங்கள் விரும்பவில்லை. ஆகையால் வரும் ஞாயிற்றுக்கிழமையே அமர்ந்து பாடுங்கள். அன்பர்களே, பதிந்துவைக்கும் கடமை நம்முடையது.